வழித்தடம் எண் நூற்றெண்பது

பூகோள டீச்சராகிய என் அருமை மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக யோசிக்கிறது. இனி நான் சொல்லப்போவதை ஈரேழு உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

எங்கள் ஓய்வுபெற்றோர் காலைநடைச் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான்தான் தலைவர் என்பது உலகறிந்தது. அந்தப் பதவி மேல் என் சம்பந்திக்கு, அதாவது என் மகளின் மாமனாருக்கு, கண். "பஸ் ஓட்டினவருக்கு நடக்கத் தெரியுமா?" என்று எல்லாரிடமும் கேட்டுவைத்தார். நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தே இருந்தவர் கேட்கிற கேள்வியா இது? கடைசியில் பந்தயம் முடிவாயிற்று: நீ கொடுத்த மலை வரைபடத்தை ஆளுக்கொரு நகல் எடுத்து, ஆளுக்குப் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு, மலைக்கு அந்தப்புறம் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் போகவேண்டும், அங்கேயே கைதூக்கி வாக்கெடுப்பு. மலை என்றால் லேசுப்பட்ட மலையா? உச்சியில் நின்று தும்மினால் சந்திரனில் இருப்பவன் முகம் துடைப்பான்.

வரைபடம் முழுக்க வளையம் வளையமாய்ப் பழுப்புக் கோடுகள். அவை ஒட்டி ஒட்டிப் போன இடத்தைச் சம்பந்தி விரலால் தடவி, "தையல் நெருக்கமா விழுந்திருக்கு பாருங்க, இங்கதான் தரை கெட்டி" என்று தன் படையோடு கிளம்பிவிட்டார். என் கண்ணில் பட்டது வேறு. ஒரு கோட்டின் நடுவே 180 என்று போட்டிருந்தது. அது நாங்கள் நின்ற இடத்திலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு தொட்டிவரை போயிற்று. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குச் சொல்லவும் வேண்டுமா, வழித்தடம் எண் 180. ஓரிடத்தில் கோடு மலைக்குள் கூர்மையாக மடங்கித் திரும்ப, கொண்டை ஊசி வளைவு என்று வாயாலேயே ஹாரன் அடித்தேன். போய்ப் பார்த்தால் ஓடை ஒன்று மலையைக் கீறிக்கொண்டு இறங்குகிறது. அதையும் தாண்டி நடந்தோம்.

ஒரு மணி நேரம் ஆனதும் எங்களோடு வந்த நர்ஸம்மா நின்றுவிட்டார். "அண்ணே, இவ்வளவு நடந்தும் மூச்சே வாங்கலையே, நாம மலையிலதான் போறோமா?" வரைபடத்தின் மூலையிலிருந்த பொடி எழுத்தை அவரே படித்தும் காட்டினார். அது பஸ் எண் இல்லையாம், மீட்டராம். அந்தக் கோட்டின் மேல் எங்கே நின்றாலும் ஒரே உயரமாம். கோடுகள் நெருங்கினால் செங்குத்தாம். "அதனாலதானே இதைப் பிடிச்சேன்" என்றேன், முகத்தை மாற்றாமல்.

தொட்டியை அடைந்தபோது எங்களில் ஒருவர் நெற்றியிலும் வேர்வை இல்லை. அண்ணாந்து பார்த்தால், மேகத்துக்கு மேலே பாறைச் சுவரில் பல்லிபோல் சம்பந்தி. நான் ஒரே பாய்ச்சலில் ஏறி, அவரையும் அவர் படையையும் ஒரே முதுகில் சுமந்து இறக்கினேன். நாற்பது கைகள் எனக்காக உயர்ந்தன. மலையும் லேசாகத் தலையசைத்தது.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடத்தும்போது மாமாவைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள். உன் வாழ்க்கை வரைபடத்தில் கோடுகள் எப்போதும் தள்ளித் தள்ளியே விழட்டும்.

ஆசிகளுடன்,
மாமா

பி.கு.: கடிதத்தை உன் அத்தை படித்துவிட்டாள், ஆகவே சில திருத்தங்கள். அது மலை அல்ல, குன்று. சங்கத்தில் மொத்தம் ஆறே பேர். பாறைச் சுவர் என் இடுப்பளவு. சம்பந்தியை நான் சுமக்கவில்லை; அவர் உட்கார்ந்தபடியே சறுக்கி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்து, இடுப்பில் துண்டோடு கால்சட்டைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பில் அவருக்கு இரண்டு, எனக்கு இரண்டு, எனக்கு நானே போட்டுக்கொண்டது ஒன்று. அப்புறம் சம்பந்தி ஊசியைக் காலரில் செருகிவிட்டு, எனக்காகக் கை தூக்கினார். "வந்த வழியை நினைச்சாலே நடுங்குது. திரும்பிப் போறப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்க, சம்பந்தி." அது மட்டும் நிஜமாகவே நடந்தது.