ரிவேர்ஸ் தெரியாத வாத்தியார்

'தெரியாது' என்ற சொல் முப்பது வயதுவரை என் வாயில் வந்ததில்லை. முதல்முறை வந்தபோது ஒரு பேராசிரியரின் கராஜ் கதவு நெளிந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சு கதைக்கும் எங்கள் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். அது அலுத்துப்போய், கார் பழக்கும் வாத்தியாராகலாம் என்று முடிவெடுத்தேன். (ஊரில் மாமாவின் லொறியை ஓடியிருக்கிறேன். அது மாமாவுக்குத் தெரியாது.) கோயிலில் அளந்துவிட்டதில் முதல் மாணவி கிடைத்தார். ரொக்ஸ்பரோவில் இருந்த வசந்தா அக்கா, சென்னைக்காரர். கணவர் பேராசிரியர். பழக்கவேண்டியது அவர்களுடைய, கியர் மாற்றத் தேவையில்லாத ஓட்டோமாற்றிக் காரில்தான். அதற்காக வாத்தியார் பஸ்ஸில் போய் இறங்கலாமா?

என் அத்தான் ஜெர்மனியிலிருந்து வந்தபோது தன் பழைய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஐரோப்பாவில் விற்பதற்கென்றே செய்த மொடல். அளவில் சிறிது, எடுப்பில் பெரிது. மனேஜர்மாருக்கான கார், ஆனால் பெரிய மனேஜராக இன்னும் வராதவர்களுக்கு. முன்விளக்குகளுக்குக்கூடத் தனித்தனி வைப்பர்!

"கியர் கார். ஓடுவியோ?" என்றார் அத்தான்.

"லொறியே ஓடினனான்."

"ரிவேர்ஸ் மட்டும் கொஞ்சம்..."

"எல்லாம் தெரியும் அத்தான்!" கார்த் திறப்பைப் பறித்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

ரொக்ஸ்பரோ வரைக்கும் பின்னுக்குப் போகும் தேவையே வரவில்லை. ராசா மாதிரிப் போய், கராஜ் கதவுக்கு ஒரு முழம் இருக்க நிறுத்தினேன். பேராசிரியர் காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே! உங்க வண்டியா?"

"ஓம் சேர்." (வாய் தானாகவே திறந்தது.)

"கொஞ்சம் பின்னாடி எடுங்க தம்பி. எங்க வண்டி உள்ள மாட்டிக்கிச்சு. என்னை ஸ்டேஷன்ல விட்டுட்டு அப்படியே பாடத்தை ஆரம்பிக்கலாம். இன்னிக்குப் பரீட்சை. கேள்வித்தாள் என் பையிலதான் இருக்கு."

ஏறினேன். கியர்க் குமிழில் இருந்த எண்கள் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. லொறியில் ரிவேர்ஸ் இருந்த இடத்துக்குத் தள்ளினேன். கார் முன்னால் துள்ளியது. வேறு இடம் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் துள்ளியது.

"பின்னாடி தம்பி, பின்னாடி!"

"எஞ்சின் குளிர்ந்திட்டுது சேர். சூடாக வேணும்."

"இப்பதானே வந்தீங்க?" என்றார் வசந்தா அக்கா.

மூன்றாம் துள்ளலில் 'டொம்' என்றது. கராஜ் கதவின் நடுவில், சோற்றுச் சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம் போல ஒரு பள்ளம்.

உள்ளே ஓடிப்போய், லொங்குய்யில் அத்தான் வேலை செய்யும் இடத்துக்குப் போன் எடுத்தேன். இடைவேளைக்குத்தான் ஆளைக் கூப்பிடலாம் என்று ஒரு பெண் பிரெஞ்சில் சொல்லி, வைத்துவிட்டார். திரும்பி வந்தேன். பேராசிரியர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், இதில ரிவேர்ஸ் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியாது. கார் அத்தான்ர."

"எனக்கும் கியர் வண்டி தெரியாதே!" என்றார் அவர். அக்காதான் சிரித்துவிட்டு, "தள்ளலாமா?" என்றார்.

முன்னால் நிற்க இடமில்லை. கியரை நடுவில் விட்டேன். அக்கா சேலையோடும் பனிச் சப்பாத்தோடும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் ஒரு பக்கக் கதவோரமும் நான் மறுபக்கமும் தோள் கொடுத்தோம். அசையவே மாட்டேன் என்று நின்ற கார், வீதிக்கு இறங்கும் சரிவு வந்ததும் எங்களை உதறிவிட்டுத் தன்பாட்டில் இறங்கத் தொடங்கியது.

"தம்பி! பிரேக் எது?"

"நடுவில இருக்கிறது அக்கா! நடுவில!"

என் முதலாவது பாடம் அதுதான். மாணவி நடுவில் மிதிப்பதற்குள் கார் வீதியைக் கடந்து, எதிர்வீட்டுப் பனிக் குவியலுக்குள் பின்பக்கத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த வீட்டு மூதாட்டி யன்னலைத் திறந்து, அக்காவைப் பார்த்து, "பொன்ஜூர்!" என்று வணக்கம் சொன்னார்.

ரயில் போய்விட்டது. பேராசிரியரை அவருடைய காரிலேயே பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுபோனேன். பரீட்சை இருபது நிமிடம் பிந்தியது.

பின்னேரம் அத்தான் வந்து, குமிழுக்குக் கீழே இருந்த வளையத்தை ஒரு விரலால் தூக்கி, ரிவேர்ஸ் போட்டுக் காட்டினார். என்னைப் பார்த்த பார்வையை எழுத இயலாது.

அதிசயம், வசந்தா அக்கா என்னிடமே தொடர்ந்து பழகினார். கோடையில் முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்தார். கதையை என் கல்யாண வீட்டில் எல்லோருக்கும் சொன்னவரும் அவர்தான். அதைக் கேட்ட என் மனைவி பேந்து ஒரு நாளும் அதை விடவில்லை. தெரியாத ஒன்றை நான் தெரிந்தமாதிரி நோண்டத் தொடங்கினால் போதும். வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் வாயில் வராத பிள்ளைகள்கூட, சுத்த யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறார்கள்:

"அப்பா, தள்ளவோ?"