தானே கியர் மாற்றும் வண்டியில் மாமா ஏறிய விவரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; எடுத்து அரை மணி நேரம் ஆகிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? உங்கள் அப்பாவை நான் செய்த அந்த வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று எழுத்தில் உறுதி கேட்டிருந்தீர்கள். தருகிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் உறுதியை மட்டும் தந்தால் எனக்குத் தூக்கம் வராது.

முப்பது வருடம் சைக்கிளில் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்த மாமா, மணிக்கட்டு உடைந்து இடது கை விரல்கள் மடங்காமல் போனதிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். மோட்டார் வைத்த சைக்கிள் என்றாலும் கிளட்ச் பிடிக்கக் கை வேண்டுமே. அதனால்தான், பம்ப் மெக்கானிக்கான நான், கிளட்சும் வேண்டாம், கியர் கட்டையும் வேண்டாம், வேகத்தைப் பார்த்து வண்டியே மாற்றிக்கொள்ளட்டும் என்று மூன்று பித்தளைக் குண்டுகளையும் ஒரு ஸ்பிரிங்கையும் வைத்து ஆரம்பித்தேன். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து பெல்ட்டை மேலே தள்ளும், குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கூடத்தில் ஸ்டாண்டு போட்டு ஓட்டியபோது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மாறியது. தெருவில் இறக்கினேன். மேடு வந்ததும் அதற்கு மனசு நிலைக்கவில்லை, மேலே போகிறது, கீழே வருகிறது, மறுபடி மேலே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் என் கழுத்து முன்னும் பின்னும் போக, தையல்கடை அம்மா வாசலுக்கு வந்து, "என்ன தம்பி, யார் என்ன கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டிட்டே போறீங்க?" என்றார்.

கெட்டியான ஸ்பிரிங் போட்டேன். மாறவே இல்லை, இன்ஜின் போட்ட கூச்சலில் பல் டாக்டர் ஊசியும் கையுமாக வெளியே ஓடிவந்தார். பிறகு கிரீஸை அள்ளி அப்பினேன். குண்டுகள் விரிந்தபடியே ஒட்டிக்கொண்டன, இன்ஜின் சக்கரத்தை விட மறுத்தது, அணைக்கிற சுவிட்சை நான் இன்னும் பொருத்தியிருக்கவில்லை. நாற்சந்தி ரவுண்டானாவைப் பெட்ரோல் தீரும்வரை பதினோரு முறை சுற்றினேன். முதலில் மற்ற வண்டிகளை நிறுத்தி எனக்கு வழிவிட்ட போக்குவரத்துக் காவலர், ஏழாவது சுற்றில் கூடவே நடந்து வந்து, வீட்டில் ஏதும் மனஸ்தாபமா என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

கிரீஸைத் துடைத்து, பழைய ஸ்பிரிங்கையே மாட்டி, அணைக்கிற சுவிட்சையும் பொருத்தி வைத்தேன். போன செவ்வாய் காலை நான் குளித்துவிட்டு வருகிறேன், வண்டியும் இல்லை, மாமாவும் இல்லை. உங்கள் தங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈரத் தலையோடு ஓடினேன், மச்சான். மேட்டின் அடியிலிருந்து பார்க்கிறேன், அவர் உச்சியில் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு உதறல் இல்லை, தலை ஆடவில்லை. மடங்காத கையைக் கைப்பிடிமேல் சும்மா வைத்திருந்தார். நான் மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது திருப்பி நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"மேடு வர்றதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டரை லேசா விட்டுப் பிடிக்கணும் மாப்ளே. நீ முறுக்கிட்டே இருக்கே, பாவம் அது என்ன செய்யும்?" என்றார். அப்புறம், "மூணு வருஷத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் யாரையும் கேக்காம வெளியே வந்தேன்," என்றார். கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் எழுபத்திரண்டு வயது. விழுந்தால் யார் பதில் சொல்வது? அன்றைக்கே பெல்ட்டைக் கழற்றி உங்கள் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டேன். மாமா நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறார். நீங்கள் அவருக்கு ஆறுதலாக நாலு வரி எழுத வேண்டும். இனி அவர் அதில் ஏற மாட்டார். இது என் உறுதி.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறை ஒட்டும் முன் உங்கள் தங்கை இதைப் படித்தாள். "அப்பா மூணு வருஷமா ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்ததை அண்ணன் வந்து பாத்தாரா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் பெல்ட்டை அவளே மாட்டினாள், இழுத்துப் பார்த்து சரியாகத்தான் மாட்டினாள். இப்போதுதான் கிளம்பினார்கள்: மாமா ஓட்டுகிறார், அவள் பின்னால் கேரியரில். இரண்டு பேர் எடைக்கு நான் இன்னும் சோதித்துப் பார்த்ததே இல்லை, மச்சான்.