ஏணி ஏறாத கேபிள் அண்ணை

ஐரோப்பாவின் பனிமலைகளில் சறுக்கி விளையாடும் ஜனத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர் எங்கள் கேபிள் அண்ணை. அவர் மட்டும் ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் போனதில்லை.

கேபிள் அண்ணை என்றதும் டிவி கனெக்‌ஷன் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன கம்பெனிக்கு ஒரே தொழில்தான்: பனிச்சறுக்கு ரிசார்ட்களில் புது கொண்டோலா எங்கே போடலாம், பழைய நாற்காலி லிஃப்டை எப்படி மாற்றலாம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது. கொண்டோலா வேறொன்றுமில்லை, பழனியில் ரோப் கார் பார்த்திருப்பீர்களே, அதன் பணக்காரச் சித்தப்பா. கம்பிக்கயிற்றில் தொங்கிக்கொண்டே மலையேறும் கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டியையும் அது போகிற வழியையும் வரைவதில் அண்ணைதான் எங்களுக்குத் தலை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் மதுரைக்காரி.

ஆபீஸ் இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னலோர மேசை சீனியர்களுக்கான மரியாதை. அண்ணை அந்த மரியாதையைப் பணிவோடு மறுத்துவிட்டு, போட்டோகாப்பி மெஷினுக்குப் பின்னால் மேசை போட்டுக்கொண்டார். தெற்கு லண்டன் டூட்டிங்கில் ஏன் வீடு வாங்கினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தோசைக்கடை, காய்கறிக்கடை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நோர்தேர்ன் லைன் ரெயில், தங்கச்சி. நிலத்துக்குக் கீழால போகுது. விழுறதுக்கு இடமே இல்லை."

மலையைப் பற்றி நேரடி அனுபவம் தேவைப்பட்டால் அதே லைனில் ஆர்ச்வேயில் இறங்கி, முருகன் கோயில் இருக்கும் ஏற்றத்தில் நடந்துவிட்டு வருவார். ஆனால் வரைபடத்தை விரித்துவிட்டால் ஆள் புலி. "இவர் கொஞ்சம் கோவக்காரர், பின்னேரத்தில காத்தடிப்பார். இவற்ற தோளில தூண் நட ஏலாது. பக்கத்தில இருக்கிறவர் நல்ல மனுசன்" என்று ஆல்ப்ஸ் மலைகளைச் சம்பந்தி வீட்டார் மாதிரி பேசுவார்.

நேரில் போய் இடம் பார்க்க வேண்டும் என்று மேலாளர் சொன்னால் போதும், அண்ணை குடும்பத்தில் ஒரு சாமத்திய வீடு வந்துவிடும். நம் ஊர் மஞ்சள் நீராட்டு விழாதான். "தாய்மாமன் நான் இல்லாமல் நடக்காது" என்று ஆங்கிலத்தில் விளக்குவார். மேலாளர் பாவம், கலாசாரத்தை மதிக்கிற வெள்ளைக்காரர். ஒரே மருமகளுக்கு இரண்டு தடவை சாமத்திய வீடு நடந்ததை ஆபீசில் கவனித்தது நான் ஒருத்திதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். லண்டனிலேயே வால்தம்ஸ்டோவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சாப்பாட்டு வரிசை ஓரமாக ஸ்டாப்வாட்சோடு கடைசிவரை நின்றார். சாப்பாடு காணாமல் போவதைக் கண்டுபிடிக்கப் பெண் வீட்டார் போட்ட ஆள் என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை அறிக்கை வந்தது. பசித்தவனும் பனிச்சறுக்குக்காரனும் வரிசையில் ஒன்றே. குடும்பம் என்று வந்துவிட்டால் பிரிந்து ஏறாது. மாமி வரும்வரை பெரியப்பா நகர மாட்டார். ஆகவே எட்டுப் பேர் பெட்டி ஐந்து பேரோடுதான் கிளம்பும். அதை நம்பி ஒரு ரிசார்ட்காரர், இரண்டு குடும்பம் சேர்ந்து ஏறட்டும் என்று பத்துப் பேர் பெட்டிக்கு மாறினார்.

அவருடைய பெட்டிகளைப் பார்த்தால் யாரோ பயந்தவர் வரைந்தது என்று உடனே தெரியும். முழங்கால்வரை கண்ணாடி இருக்காது. உட்கார்ந்தால் மலை தெரியுமே தவிர பள்ளம் தெரியாது. எங்கே கை வைத்தாலும் ஒரு கைப்பிடி அகப்படும். ஏறும் இடத்தில் பெட்டி ஆமை வேகத்தில் ஊர்ந்து போகும். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முட்டுக்கட்டையாக வந்தார் ஒரு ரிசார்ட் முதலாளியம்மா. எழுபதைத் தாண்டிய சுவிஸ்காரர். பழைய நாற்காலி லிஃப்டைக் கழற்றிவிட்டு அண்ணை வரைந்த கொண்டோலாவைப் போட்டிருந்தார். திறப்பு விழாவுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். வரைந்தவர்தான் முதல் பெட்டியில் ஏற வேண்டும், அது தன் அப்பா காலத்து வழக்கமாம். ஏறினால் மற்ற இரண்டு லிஃப்டைப் புதுப்பிக்கும் வேலையும் எங்களுக்கு. ஏறாவிட்டால் வேறு கம்பெனிக்கு.

மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். அந்த வேலை கிடைக்காவிட்டால் ஆள் குறைக்க வேண்டிவரும், கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டியிருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கடைசியாகச் சேர்ந்தவள் நான். என் விசா அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணையிடம் மூச்சு விடவில்லை. அவர் பயமே அவருக்குப் போதாதா?

இந்த முறை சாமத்திய வீடு எதுவும் வரவில்லை. அண்ணை என்னோடு சுவிஸுக்கு வந்தார். கழுத்துவரை ஜாக்கெட், நெற்றி நிறைய விபூதி, பாக்கெட்டில் டூட்டிங் எலுமிச்சம்பழம் இரண்டு. புது வண்டி கிளம்பும்போது டயருக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டுமே! கொண்டோலாவுக்கு டயர் கிடையாது என்பது, அதை வரைந்தவருக்கே அங்கே போய்த்தான் உறைத்தது. பழங்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டி ஊர்ந்து வந்தது. கதவு திறந்தது. அண்ணை அசையவில்லை. அது காலியாகவே போய்விட்டது. அடுத்ததும் போனது. முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, எனக்கு ஏலாது. கால் வருகுதில்லை."

"விடுங்கண்ணே. உங்களுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிக்கிறேன். நான் சமாளிச்சுக்குவேன்."

"என்னத்தைச் சமாளிப்பீர்? இந்த வேலை போனா முதல்ல அனுப்பிறது உம்மைத்தான். பிறகு உம்மட விசா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாருண்ணே சொன்னா?"

"ஆரும் சொல்ல வேணுமே? நானும் ஒரு காலத்தில விசாவுக்குப் பயந்து திரிஞ்சவன்தான். இந்தப் பயம் என்ன பயம், அதெல்லோ பயம். இப்ப என்னட்டப் பாஸ்போர்ட் இருக்கு. விழுந்தாலும் பிரிட்டிஷ்காரனா விழுவன். வாரும்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் முழங்கையைப் பிடித்து ஏற்றினேன். முதலாளியம்மாவும் ஏறினார். கதவு மூடியது, பெட்டி அந்தரத்தில் போனது.

"ஏன் கண்ணை மூடியிருக்கிறார்?" என்று முதலாளியம்மா என் காதில் கேட்டார்.

"எங்கள் வழக்கம். வரைந்தவர் முதல் தடவை கண்ணால் பார்க்கக் கூடாது" என்றேன். முருகா, மன்னித்துக்கொள்.

வழக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மா தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். உலகம் பூராவிலிருந்தும் ஆட்கள் காசு கொடுத்துப் பார்க்க வரும் காட்சியை அன்று பார்த்தது நான் மட்டுமே. அண்ணை ஒவ்வொரு தூணாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்ப மூண்டாம் தூண். கொஞ்சம் குலுக்குவார். பயப்பிடாதையும்." சொன்னபடியே குலுங்கியது. பாதி வழியில் பெட்டி முழுக்க எலுமிச்சை வாசம். பார்த்தால் இரண்டு பழமும் அவர் கைக்குள்ளேயே சாறாகிக்கொண்டிருந்தன. அப்படியும் இப்படியுமாக நசுக்க வேண்டியது நசுங்கிவிட்டது.

மேலே இறங்கியதும் முதலாளியம்மா, சாறு வடிந்த அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு லிஃப்டும் எங்களுக்குத்தான் என்றார். திரும்பிக் கீழே வரப் பெட்டியில் ஏற மாட்டேன் என்று அண்ணை ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் பனியைச் சமன் செய்யும் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முருகனை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார். அந்த டிரைவர் அதை ஏதோ நாட்டுப்பாடல் என்று நினைத்துத் தாளம் போட்டாராம்.

என் விசா நீட்டித்து வந்தது. ஆபீசில் அண்ணையின் மேசைக்குப் போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "இதுக்கேன் அழுறீர்? போய் நாலாம் தூணைத் திருப்பிப் பாரும், இவருக்குக் காத்து ஒத்துவராது" என்று வரைபடத்தை நீட்டினார்.

ஊரில் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்கள் இரண்டு பேர். லண்டனில் யாராவது கேட்டால் மூன்று என்றுதான் சொல்கிறேன்.