முதல் வியாபாரமும் என் டிஜிட்டல் காசும்

எனக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகத் தெரிந்தவன்போல விளக்குவது. அந்தப் பழக்கத்தால் ஒரு சித்திரைப் புத்தாண்டுக் காலையில் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பல்லரோச் சந்தைக்குப் பின்புறம் சிவநேசன் அங்கிளுக்கு ஒரு பலசரக்குக் கடை. அவருடைய மகள் துஷியைத்தான் நான் பெண் கேட்டிருந்தேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கார்ட் மெசினுக்குப் போகும் கொமிஷனைப் பற்றி மட்டும் சலித்துக்கொண்டார். விட்டேனா? ஸ்டேபிள்கொயின் என்று ஒன்று இருக்கிறது, ஒரு கொயின் எப்போதும் ஒரு டொலர், ஏறாது, இறங்காது, போனிலிருந்து போனுக்கு நொடியில் போய்விடும் என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். (அப்போது நான் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின் வீட்டில் தரை துடைக்கும் வேலையில் இருந்தேன். பேச்சு மட்டும் மத்திய வங்கி ஆளுநர் மாதிரி.)

அங்கிள் மயங்கிவிட்டார். "அப்ப வருசத்தண்டைக்கு முதல் வியாபாரம் நீரே செய்யும்" என்றார். இது சாதாரண மரியாதை இல்லை. புத்தாண்டுச் சுபநேரத்தில் கைராசிக்காரர் ஒருவர் முதலில் வாங்க வேண்டும். அது முடியும்வரை வேறு யாருக்கும் ஒரு கடுகுகூட விற்க மாட்டார். அதற்கு என்னை அழைத்தாரென்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

பஞ்சாங்கத்தை இத்தாலி நேரத்துக்கு மாற்றி, காலை ஏழு பத்திலிருந்து ஏழரை வரை என்று குறித்தார்கள். நான் பட்டுவேட்டி கட்டி, பேர்ஸை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். ஒரு தேங்காய், வெற்றிலை, ஒரு கிலோ சர்க்கரை. பின்னால் பட்டுச்சேலைகளும் ஒரு சிசிலியக் கிழவியுமாக வரிசை. அங்கிளின் போனில் நானே திறந்துகொடுத்திருந்த கணக்குக்கு அனுப்ப, என் போனை எடுத்து ஸ்டைலாக அழுத்தினேன்.

போகவில்லை. கொயினை அனுப்பும் கட்டணத்தை அந்தக் கொயினிலேயே கட்ட முடியாதாம். அதற்கு வேறொரு கொயின் வேண்டுமாம். மிலானோவிலிருந்து நண்பன் அனுப்பியதை வாங்கி வைத்திருந்தேனே தவிர, நான் ஒருமுறைகூட அனுப்பிப் பார்த்ததில்லை.

"காசு அனுப்பக் காசு வேணுமோ? அதுவும் வேற காசோ?" என்றார் அங்கிள்.

"ஓம் அங்கிள். கொஞ்சம் பொறுங்கோ."

அந்த வேறு கொயினை வாங்கப் போனால், நான் நான்தானா என்று ஆப் கேட்டது. முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு, கண்ணை மூடித் திற. வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் நின்று அத்தனையும் செய்தேன். (எனக்குச் சாமி உரு வந்துவிட்டது என்று நினைத்து ஒரு அன்ரி ஒதுங்கி நின்றார்.) கடைசியில், சரிபார்க்க இருபத்துநாலு மணி நேரமாகும் என்று வந்தது.

ஏழு இருபத்தாறு. கிழவி மிளகாய்த்தூளைத் தூக்கிக்கொண்டு சில்லறையை நீட்டினாள். அங்கிள் கும்பிட்டு மறுத்தார். முதல் வியாபாரம் பிசகினால் வருடம் முழுக்கக் கடை படுத்துவிடும் என்று உண்மையாகவே நம்புகிற மனிதர் அவர். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழு இருபத்தெட்டுக்கு, கல்லாவருகில் நின்ற துஷி தன் கைப்பையிலிருந்து ஐந்து யூரோத் தாளை எடுத்து என் கையில் வைத்தாள். அதை அவளுடைய அப்பாவிடமே நீட்டினேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இந்தப் பெடியன் சரிவராது என்று அங்கிள் அன்றே மகளிடம் சொன்னாராம். அவள் சொன்ன பதிலில்தான் நான் இன்று குடும்பஸ்தன்.

"நான் அவரிலை அஞ்சு யூரோ போட்டிட்டன் அப்பா. இனி விடேலாது."

ஐந்து வருடமாயிற்று. ஒவ்வொரு புத்தாண்டுக் காலையிலும் மாமா (பழைய அங்கிள்தான்) வீட்டில் எல்லோருக்கும் கைவிசேடம், அதாவது வருடத்தின் முதல் காசை, புதுத்தாளாகக் கையில் வைப்பார். என் முறை வந்ததும் தாளை மடித்துப் பொக்கற்றில் போட்டுவிட்டு, போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவார்.

"உமக்கு அனுப்பிட்டன் மருமோன். நில்லும், வரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் மூன்று வயது மகள் மட்டும் சிரிப்பதில்லை. என் போனைப் பறித்துப் பார்த்து, இன்னும் வரவில்லை என்று தாத்தாவிடம் இத்தாலியனில் முறைப்பாடு வைக்கிறாள்.