முதலாளி அறைக்கு நான்கு கோடு

மரியாதை தெரிந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. காற்றுக்கே மரியாதை கற்றுக்கொடுத்த குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.

1974-ஆம் ஆண்டு. கிண்டி எஸ்டேட்டில் எங்கள் ஊசிமருந்துக் கம்பெனி. தியாகராய நகரிலிருந்து நான் வந்து நாற்காலியில் அமர்ந்த பிறகே அங்கே இயந்திரங்கள் ஓடும். என் தங்கை மகன் ஜவஹர்தான் இன்ஜினீயர். ஒருநாள் அவன் மருந்து நிரப்பும் அறைச் சுவரில், கோடுகள் போட்ட ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயை மாட்டினான். உள்ளே சிவப்புத் தண்ணீர்; காற்றழுத்தம் மாறினால் அது கோடு கோடாக நகரும். பக்கத்தில் 'காற்றழுத்தப் பட்டியல்'. மருந்து நிரப்பும் அறைக்கு மூன்று கோடு, உடை மாற்றும் அறைக்கு இரண்டு, முதலாளி அறைக்குப் பூஜ்யம்.

மூன்று முறை படித்தேன். கல்யாணத்தில் முதல் சந்தனம் தங்களுக்கு வராவிட்டால் முகூர்த்தத்தையே நிறுத்திவைக்கிற வம்சம் எங்களுடையது. இங்கே ஆம்பூல் என்கிற கண்ணாடிக் குப்பியில் மருந்து நிரப்புகிற சைதாப்பேட்டை புஷ்பத்துக்கு மூன்று கோடாம்.

"மாமா, கதவைத் திறந்தா காத்து சுத்தமான ரூம்லேருந்து அழுக்கு ரூமுக்குத்தான் போகணும். அதுக்குத்தான் அங்க அழுத்தம் ஜாஸ்தி."

"அப்போ என் ரூம் அழுக்கு ரூமா?"

அவன் நடுக்கதவு வழியாக என் அறை மேஜையைப் பார்த்தான். அதில் என் தாத்தாவின் வெள்ளி மூக்குப்பொடி டப்பி மட்டுமே இருந்தது.

உடனே 'ஆணை' பிறப்பித்தேன். காற்றைத் தள்ளும் ப்ளோவரின் குழாய் என் அறைக்குத் திருப்பப்பட்டது. எனக்கு நான்கு கோடு. அன்றுமுதல் நடுக்கதவு திறந்த போதெல்லாம் என் அறைக் காற்று தொழிலாளர்கள்மீது ஆசீர்வாதம்போல வீசியது. அரைமணிக்கு ஒருமுறை பொடி போட்டபடி அதைக் கண்டு மகிழ்ந்தேன்.

பத்தே நாளில் ஆம்பூல்களுக்குள் பழுப்புத் துகள் மிதந்தது. ஒழுங்கீனத்தை எங்கள் குடும்பம் பொறுக்காது. புஷ்பத்துக்கு வேலைநீக்க உத்தரவை நானே எழுதினேன். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள் என்று ஜவஹர் கெஞ்சினான்.

"மூஞ்சில துணி கட்டிக்கினுதான் குந்திக்கினு கீறேன் மொதலாளி. என் மேல இன்னா தப்பு, சொல்லு," என்றாள் அவள்.

முதலாளியைப் பார்த்து 'சொல்லு' என்கிறாள். அந்தக் குற்றத்தையும் உத்தரவில் சேர்த்தேன்.

கையெழுத்துப் போடுமுன் மருந்து ஆய்வாளர் வந்துவிட்டார். ஆம்பூலை வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்புத் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று பார்த்தார். என் மூக்கையும் ஏனோ சற்று நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கட்டடத்துலேயே அழுத்தம் அதிகமான ரூம் எது?"

ஜவஹர் தலையைக் குனிந்துகொண்டான். புஷ்பம் வாயைத் திறந்தாள். அந்தப் பெருமையை இன்னொருவர் சொல்ல விடுவேனா? எழுந்து நின்றேன்.

"என்னோடதுதான். என் காத்துதான் எல்லா ரூமுக்கும் போகுது. எழுதிக்குங்க."

ஆய்வாளர் மேஜைமேல் கிடந்த வேலைநீக்க உத்தரவை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, தம் அறிக்கையில் எழுதிக்கொண்டார். 'குற்றத்துக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் நானே சேர்த்துக் கையெழுத்திட்டேன்.