வீச்சைக் கண்டுபிடித்தவர்

கோல்ஃப் ஆடுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒழுங்காக ஆடுகிறவர்கள் ஒரு ஜாதி. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வருவார்கள், ஆடுவார்கள், சூப்பைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு ஜாதிதான் நம்முடைய ஆள்: வீச்சைத் திருத்துகிறவர். வீச்சு என்றால் வேறொன்றுமில்லை, மட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு சுழற்று சுழற்றி, கீழே கிடக்கும் பந்தை அடிக்கிற காரியம். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதைப் பற்றிப் பேசத்தான் ஓர் ஆயுள் பிடிக்கும். நீங்கள் கோல்ஃப் மைதானத்தின் பக்கமே போகாதவராக இருக்கலாம். பரவாயில்லை, தொடர்ந்து படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ஜாதியை எப்படி அடையாளம் காண்பது? மிகவும் சுலபம். பஸ் நிறுத்தத்தில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பந்தை இல்லாத குழிக்கு அடித்துவிட்டு, அது போன திசையைப் புருவத்தைச் சுருக்கிப் பார்த்து, "ம்" என்று திருப்திப்படுகிறவர் அவர்தான். துணிக்கடையில் மனைவி உடை மாற்றிப் பார்க்கப் போனால், வெளியே இருக்கும் கண்ணாடியில் தன் தோள் திரும்புவதை ரசித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். அவர் வீட்டுக் கூடத்து விளக்கின் கண்ணாடி மூடி எப்போதும் புதிதாக இருக்கும். காரணம் கேட்காதீர்கள்.

எங்கள் கடலோர ஊரான பிட்லோகனில், கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஃபெர்கஸ் கின்லாக் இந்த ஜாதியின் திலகம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீச்சின் ரகசியத்தைக் கண்டுபிடிப்பார். ஒரு வாரம் ரகசியம் இடது முழங்கையில் இருந்தது. அடுத்த வாரம் அது இடுப்புக்கு இறங்கி, அங்கிருந்து குதிகாலுக்குப் போய், ஈஸ்டர் சமயத்தில் மூச்சுக்குள் புகுந்துகொண்டது. மட்டையைக் குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும் என்றார் ஒரு மாதம். மட்டை கைநழுவிப் பறந்து ஓடையில் விழுந்த பிறகு, இறுக்கிப் பிடிப்பதே முன்னோர் கண்ட வழி என்றார். வருடக்கணக்காக வாராவாரம் முன்னேறிய மனிதர் இந்நேரம் எங்கே போயிருக்க வேண்டும்? கல்யாணமான புதிதில் எத்தனை அடிக்கு ஒரு சுற்று முடித்தாரோ, இன்றும் அதே அடிதான். முன்னேற்றம் மட்டும் நிற்கவேயில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு மருந்து காசுக்கு, யோசனை இலவசம். மூட்டுவலித் தைலம் கேட்டு வந்த கிழவி திருமதி பெய்னிடம் அவர் பேசியதை நானே வரிசையில் நின்று கேட்டேன்.

"எந்தக் கால்ல வலி?"

"இடது கால்லப்பா."

"அதானே பார்த்தேன்! எடையை இந்தப் பக்கம் மாத்துறப்போ முட்டியை ஆட்டுறீங்க."

"நான் எங்கப்பா கோல்ஃப் ஆடுறேன்? பூனை குறுக்க வந்துச்சு, விழுந்துட்டேன்."

"அதனால என்ன? விழுறதுக்கும் ஒரு பேலன்ஸ் வேணாமா?"

அபிப்பிராயங்களுக்கும் பஞ்சமில்லை. இந்தக் காலத்துப் பந்து தேவைக்கு மேல் தூரம் போகிறது (அவர் அடித்தால் போவதில்லை, ஆனாலும் கொள்கை கொள்கைதான்). வண்டியில் உட்கார்ந்து மைதானத்தைச் சுற்றுகிறவன் சுற்றுலாப் பயணி. மழை என்று ஆட்டத்தை நிறுத்துகிறவன் நனையப் பயப்படும் தெற்கத்திக்காரன். சட்டத்தை மதிக்காதவன் சீட்டாடப் போகலாம். இந்தக் கடைசிக் கொள்கையில் அவர் நெருப்பு. எங்கள் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு: எப்படி அடிப்பது என்று நம் ஜோடிக்கு மட்டும்தான் யோசனை சொல்லலாம். எதிராளிக்குச் சொன்னால், அப்போது ஆடிக்கொண்டிருக்கும் குழி நமக்குத் தோல்வி. போன வருஷம் பாதிரியார் லோகி, பாவம், நல்ல மனசோடு, "காத்து எதிர்க்குது ஃபெர்கஸ், இன்னும் பெரிய மட்டையா எடு" என்று சொல்லிவிட்டார். ஃபெர்கஸ் அந்த இடத்திலேயே மட்டையைப் பைக்குள் போட்டார். "குழி எனக்கு, ஐயா. சட்டம்." பாதிரியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தார். ஃபெர்கஸ் முன்வரிசையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, மட்டைப் பிடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மனைவி. எஃபி. அவள் வீச்சைப் பார்த்தால் கம்பளம் தட்டுகிறாளோ என்று தோன்றும். ஆனால் பந்து நேராகப் போகும். அவள் வீச்சைப் பற்றி யோசித்ததே இல்லை. யோசிக்கும் பொறுப்பை ஃபெர்கஸ் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் எங்கள் கிளப்பில் கணவன்-மனைவி ஜோடி ஆட்டம் நடக்கும். ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு அடி அவர், அடுத்த அடி அவள். அவர் பந்தைப் புதருக்குள் தள்ளினால் அவள்தான் எடுத்து ஆட வேண்டும். ஊரில் இதற்கு விவாகரத்துக் கோப்பை என்று பெயர். கோப்பை என்பது இரண்டு காது வைத்த ஒரு வெள்ளிக் கிண்ணம். ஜெயித்த ஜோடியின் வீட்டில் ஒரு வருஷம் இருக்கும். அது சில வருஷங்களாக எஃபியின் தங்கை இஷ்பெல் வீட்டை விட்டு நகரவில்லை. இஷ்பெல் அதைத் தெருப்பக்கத்து ஜன்னலில் வைத்திருந்தாள். சும்மா வைத்திருந்தாலாவது போகட்டும், அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். எஃபி ரொட்டிக்கடைக்குப் போகும் வழி அது. தினமும் காலையில் அந்த வெங்காயத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு நாள் தொடங்கும். அக்காவுக்கு அது எப்படி எரியும் என்று அக்கா தங்கையோடு பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் கின்லாக் தம்பதிக்கு எதிரே வந்தது இஷ்பெலும் அவள் கணவன் ராபும்தான். முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் எஃபி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க பாரு ஃபெர்கஸ். நாளைக்கு அந்தக் கிண்ணம் எனக்கு வேணும்."

"கண்டிப்பா! நீ மட்டும் உன் வலது தோளைக் கொஞ்சம்..."

"இதான். இதைத்தான் சொல்ல வர்றேன். நாளைக்கு என் தோளைப் பத்தி, முட்டியைப் பத்தி, மூச்சைப் பத்தி ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரக்கூடாது. வந்துச்சு, மட்டையை அங்கயே போட்டுட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"உங்கம்மா நம்ம மாடியிலதான இருக்காங்க?"

"அப்ப நீ வெளிய போ."

ஃபெர்கஸ் சத்தியம் செய்தார். எஃபி சத்தியத்தை மட்டும் நம்புகிறவள் இல்லை. மிட்டாய்க்கடையில் ஒரு பை கருப்பட்டி நிறத்து டாஃபி வாங்கினாள். வாயில் போட்டால் மேலண்ணமும் கீழ்த்தாடையும் ஒட்டிக்கொள்ளும் ரகம். குழிக்கு ஒன்றாக அவர் வாயில் அடைத்துவிடுவது என்று ஏற்பாடு.

அன்று நடந்ததை ஊரே பார்த்தது. ஃபெர்கஸ் பேசவில்லை! எஃபி கம்பளம் தட்டினாள். அவர் வானத்தைப் பார்த்தார். எஃபி மறுபடி தட்டினாள். அவர் டாஃபியை மென்றபடி கடலைப் பார்த்தார். இன்னொரு அதிசயமும் நடந்தது. வாய் மூடியிருந்ததால் மூளையும் கொஞ்சம் ஓய்வெடுத்ததோ என்னவோ, அவர் வீச்சு அன்றைக்கு எண்ணெய் போட்ட கதவு மாதிரி திறந்து மூடியது. பந்துகள் புல்வெளியின் நடுவில் போய் விழுந்தன. எஃபி ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்து, கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த மாதிரி சிரித்தாள்.

ஆனால் உள்ளே போன யோசனையெல்லாம் எங்கே போகும்? காலையிலிருந்து சொல்லாமல் விட்டவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து, அவர் கழுத்தும் காதும் சிவந்துபோயின. ராப் வேறு அன்று கண்றாவியாக ஆடினான். முழங்கை ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். இஷ்பெல்தான் ஒற்றை ஆளாக ஆட்டத்தை இழுத்துக்கொண்டு வந்தாள். சகலை படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், பதினேழாவது குழியில் ஃபெர்கஸ் அடுத்த குழிக்கென்று தன் பாக்கெட்டில் இருந்த கடைசி டாஃபியை எடுத்து அவனிடம் நீட்டிவிட்டார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைத்தான் எஃபி கணக்கில் எடுக்கவில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது இரண்டு ஜோடியும் சமம். இதில் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் இறக்குகிறவர்களுக்குக் கிண்ணம். எஃபி முதல் அடியை நேராகத் தட்டினாள். ஃபெர்கஸ் அதைக் குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைக்கு அருகில் கொண்டுபோனார். எஃபி மூன்றாவது அடியில் பந்தை மெல்ல உருட்டி, குழியிலிருந்து ஒரு முழத்தில் நிறுத்தினாள். இனி ஃபெர்கஸ் அதைத் தொட்டுத் தள்ள வேண்டியதுதான். அந்தப் பக்கம் ராப் இரண்டாவது அடியை மணல்குழிக்குள் இறக்கியிருந்தான். இஷ்பெல் மூன்றாவதில் முயன்றாள். பந்து மணல்சுவரில் முட்டி அவள் காலடிக்கே திரும்பி வந்தது. நான்காவது அடி ராபுடையது. இதுவரை ஆயுளில் மணலிலிருந்து ஒரே அடியில் வெளியே வந்தறியாதவன் ராப். இஷ்பெல் தோல்விதான் என்று கையுறையைக் கழற்றிவிட்டாள். எஃபி ஜன்னலில் கிண்ணத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். அதை அவளே பிறகு சொன்னாள்.

ராப் மணலில் இறங்கினான். காலைச் சேர்த்து வைத்தான். பந்தின் தலையிலேயே அடிக்கிற மாதிரி மட்டையைப் பிடித்தான். அவன் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மணல்குழியின் விளிம்பில் நின்ற ஃபெர்கஸின் உதடு துடித்தது. கை பாக்கெட்டுக்குள் போய் டாஃபியைத் தேடியது. வெறும் காகிதம்தான் இருந்தது.

"சகலை! காலை அகட்டி மணலுக்குள்ள நல்லா புதைச்சு நில்லுய்யா! பந்தை அடிக்காத, பந்துக்குப் பின்னாடி மணலை வெட்டு!"

கடலில் அலைகூட அடிக்கவில்லை என்றுதான் எனக்கு ஞாபகம்.

முதலில் பேசியது இஷ்பெல். "அத்தான், பாதிரியாருக்குச் சொன்ன அதே சட்டம்தானே இது?"

"நான்... அது வந்து... சும்மா வாய் தவறி..."

"அவரும் சும்மாதான் சொன்னாரு. நீங்க விட்டீங்களா?"

கூட்டத்தில் நின்ற பாதிரியார் லோகி தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தார். மன்னிப்பைப் பற்றி அன்று அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. குழி போயிற்று. ஆட்டம் போயிற்று. கிண்ணம் வெங்காயத்துக்கே போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் ஃபெர்கஸ் சாதாரண மனிதர். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று ராப், விளையாட்டாக, காலை அகட்டி மணலில் புதைத்து, பந்துக்குப் பின்னால் வெட்டினான். பந்து எழும்பியது, புல்தரையில் விழுந்தது, உருண்டது, குழிக்குள் இறங்கியது. அப்போது ஃபெர்கஸின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தோற்றவன் முகமா அது? பிள்ளை பெற்றவன் முகம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எஃபி பக்கம் திரும்பி, "பாத்தியா எஃபி, பாத்தியா? நான் சொன்னேன்ல!" என்று கத்தினார்.

எஃபி பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எங்கிட்ட பேசாதன்னு சொன்னேன்," என்றாள். "சட்டப்படி நீ பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான். அந்த வாயைப் போய் அடைச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பிறகு மட்டைகளைத் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள். ரொட்டிக்கடை வழியாகப் போகாமல் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். கணவன்-மனைவி ஆட்டத்தில் ஜோடியை மாற்றக் கிளப் விதியில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியையும் நடக்கும்போது கொஞ்சம் யோசித்ததாக என் மனைவியிடம் சொன்னாளாம். ஃபெர்கஸ் அடுத்த வாரமே கடையில், "ராபை மணலிலேருந்து வெளிய கொண்டுவந்தது யாரு?" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷத்துக்கு எஃபி இரண்டு பை டாஃபிக்குச் சொல்லிவைத்திருக்கிறாள்.

சரி, கேட்க வேண்டியிருக்கிறது என்றேனே. ராப் மணலில் இறங்கியபோது, "ஐயோ, அந்த ஆளை யாராவது தூரமாக இழுத்துக்கொண்டு போங்களேன்" என்று மனசுக்குள் சொன்னீர்களா? எஃபி இன்னொரு பை டாஃபி வாங்கியிருக்க வேண்டும் என்று பட்டதா? இஷ்பெல் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று கூடத் தோன்றியதா? உங்களை அவர்களில் யார் யோசனை கேட்டார்கள்? கோல்ஃப் மைதானத்தின் பக்கமே போகாதவர் நீங்கள். வாயைத் திறங்கள், ஒரு டாஃபி போடுகிறேன்.