முழங்காலுக்கு இடம்

இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பொருளாவது இருந்தே தீரவேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். வேலைக்குக் கிளம்பும்போது என் செருப்பைக் காணவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட என் மாமியார் அதைப் போட்டுக்கொண்டு போயிருந்தார். அவருடைய இரண்டு பாதங்களும் என் ஒற்றைச் செருப்பில் அடங்கிவிடும். இன்னொன்றை எதற்குப் போட்டுக்கொண்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

என் உயரம் ஆறடி நாலு அங்குலம். தெருவில் எனக்குப் பெயர் ‘கொடிக்கம்பம்’. என் மனைவி நாலடி பதினோரு அங்குலம். மாமியார் அவளைவிட இரண்டு விரல் குறைவு. மாமியார் எங்களோடு இருக்கிறார். இன்னும் சரியாகச் சொன்னால், நான்தான் அவர்களோடு இருக்கிறேன்.

மனைவி வீட்டிலேயே திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறாள். என் எழுத்து மேஜை அவளுக்குத் துணி வெட்டும் மேஜை ஆயிற்று. என் ஸ்கூட்டர் திரைச்சீலை மூட்டை சுமந்தது. என் மழைக்கோட்டு தையல் மெஷினுக்கு மூடி. கேட்டால், "சும்மாதானே கிடக்குது" என்பாள். நான் அரைமணி நேரம் தொடாத எதுவும் அவள் கணக்கில் சும்மா கிடப்பதுதான். அந்தக் கணக்குப்படி நானே பல ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் திரைச்சீலைக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவைக்கப்பட்டேன்.

நான் நில அளவையாளன். அந்த வாரமே ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தை அளக்கப் போனேன். சங்கிலி ஒரு புதரில் மாட்டிக்கொண்டது. புதரை விலக்கினால் உள்ளே ஒரு கார். ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, கித்தான் கூரை, இரண்டே இரண்டு சீட். நான் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பதை நிறுத்திவிட்ட மாடல். பங்களாக்காரர், "எடுத்துக்கிட்டுப் போனா போதும், புண்ணியமாப் போகும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை ஏற்ற இடம் கிடையாது. குடும்பத்தோடு போக வழியே கிடையாது. கடவுள் எனக்காகவே செய்து புதருக்குள் ஒளித்துவைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் உண்டு. அதன் ஷட்டருக்கு ஸ்பிரிங் போய்விட்டது. மேலே தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் தடாலென்று இறங்கும். ஒரு மரக்கொம்பை முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்துவோம். காரை அங்கே கொண்டுவந்து போட்டேன். மெக்கானிக் வந்து இன்ஜினைச் சரி செய்தான். அவனுக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பான். முடியாது என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை.

வண்டி ஓடத் தயாரானதும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. இரண்டு முழங்கால்களும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் ஏறி நின்றன. இடதுபுறம் திருப்ப வேண்டுமானால் இடது முழங்காலிடம் அனுமதி கேட்கவேண்டும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பு என் மூக்குக்கு நேராக வந்தது. அது என் தாடையைக் காற்றிலிருந்து காப்பாற்றியது. கண்ணை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. தெருமுனை வருவதற்குள் இரண்டு பூச்சிகளை விழுங்கினேன். பிரேக்கை மிதித்தால் என் ஷூ பக்கத்துப் பெடலையும் சேர்த்து மிதித்தது.

திரும்பி வந்தபோது மனைவி ஷெட் வாசலில் நின்றாள்.

"என்னங்க, இறங்கத் தெரியுமா?"

"ஏன் தெரியாது?"

"அப்ப இறங்குங்க, பாக்கலாம்."

மனைவி ஒரு கையையும் மாமியார் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். முதலில் உடம்பு வந்தது. கால்கள் பிறகு வந்தன.

அன்று சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த வண்டி எனக்குக் கச்சிதமா இருக்குங்க."

"நீ எப்ப உக்காந்தே?"

"சும்மாதானே கிடந்துது. கால் எட்டுது, கை எட்டுது, கண்ணுக்குத் தெரு தெரியுது. உங்களுக்குத்தான் சரிப்படல. அம்மாவையும் ஏத்திக்கிட்டு அப்படியே சித்தி வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்."

"திரைச்சீலைகூடக் கொண்டு போகலாம்டி" என்றார் மாமியார்.

அன்று என் மூளை வேலை செய்ததுபோல் என் கல்யாணத்துக்கு முதல் நாள் வேலை செய்திருந்தால், இந்தக் கதையே இருந்திருக்காது. காரை என் உயரத்துக்கு மாற்றவேண்டும். அதுவும் என் உயரத்துக்கு மட்டும். ஆறடிக்குக் குறைந்த எவரும் அதில் உட்கார்ந்தால் டாஷ்போர்டைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது. யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. காரே சொல்லிவிடும்.

‘ஆகட்டும்’ காதில் விஷயத்தைப் போட்டேன்.

"சீட்டுக்கு அடியில ரெண்டு மரக்கட்டை இருக்குல்ல? அதை எடுத்துடு. சீட்டு தரையோட இறங்கட்டும்."

"ஆகட்டும் சார்."

"பின்னாடி எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளு."

"பேட்டரி இடிக்குமே சார்."

"பேட்டரியைப் பக்கத்து சீட்டுக்குப் பின்னாடி மாத்து. பக்கத்து சீட்டை முன்னாடி இழுத்துடு."

"அதுல உக்கார்றவங்களுக்குக் கால் மடங்காதே சார்."

"அதுல யாரும் உக்காரப் போறதில்ல. அப்புறம், டிரைவர் சீட்டு நகர்ற ரெயில் வேண்டாம். போல்ட் போட்டு இறுக்கிடு. முன்னாடியும் வரக்கூடாது, பின்னாடியும் போகக்கூடாது."

‘ஆகட்டும்’ தலையைச் சொறிந்தான். "அப்புறம் வேற யாருக்கும் கால் எட்டாதே சார்?"

"அடடா, அப்படியா?" என்றேன்.

"ஆகட்டும் சார்" என்றான்.

மனைவியிடம் வேறு விதமாகச் சொன்னேன். முதுகுவலி, டாக்டர், கால் நீட்டுவதன் அவசியம் என்று ஒரு சின்னப் பிரசங்கம். அவள் எதிர்க்கவே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"பாவம், உங்க கால்தானே கஷ்டப்படுது" என்று அவளே டேப்பை எடுத்துவந்தாள். என்னைத் தரையில் உட்காரவைத்து, சுவரில் சாய்த்து, இடுப்பிலிருந்து குதிகால்வரை அளந்தாள். சாக்பீஸால் சுவரில் தலைக்கு ஒரு கோடு போட்டாள். சீட்டில் இருந்த கனத்த பஞ்சை எடுத்துவிட்டு, அப்பளக் கனத்துக்கு ஒரு மெத்தை தைத்துத் தந்தாள். நீலத் தோல் துணியில் ஓரத்தைச் சுற்றி இரட்டைத் தையல். ஸ்டியரிங்கையும் சின்னதாக ஒன்று பார்த்து மாற்றினோம். கூரையைப் போட்டால் தலை இடித்தது. அந்த இடத்தில் மட்டும் கித்தானை வெட்டி, மேலே ஒரு மேடு வைத்துத் தைத்தாள். கூரை போட்ட காரைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டகம் படுத்திருப்பதுபோல் இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

"இந்தப் பழைய பஞ்சை என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தூக்கித்தான் போடணும்."

"குடுங்க. எதுக்காவது ஆகும்."

இன்னொரு நாள், "அந்த மரக்கட்டை?"

"அடுப்புக்குக்கூட ஆகாது."

"குடுங்க. எதுக்காவது ஆகும்."

இந்த வீட்டில் எதையும் தூக்கிப்போடுவதில்லை. என்னையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

மெத்தையைப் பொருத்திய அன்று, "தையல் ஒழுங்கா விழுந்திருக்கான்னு ஒரு தடவை உக்காந்து பாக்கறேங்க" என்றாள். தாராளமாகப் பார் என்றேன். உள்ளே இறங்கினாள். காணாமல் போனாள். சிறிது நேரத்துக்குப் பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு கண்கள் தெரிந்தன. கால்கள் பெடலை நோக்கி நீண்டு, பாதி வழியில் நின்றன.

"எட்டலையே" என்றாள்.

"அடடா!" என்றேன். குரலில் வருத்தத்தைக் கொண்டுவர மிகவும் பாடுபட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷெட்டின் பல்லியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, பெடலுக்கும் தன் பாதத்துக்கும் இருந்த இடைவெளியை அளந்தாள். எத்தனை எட்டவில்லை என்று தெரிந்துகொண்டு மனதைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அளப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒருத்தி எதற்காக அளப்பாள் என்பது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். ஆற்றோரச் சாலையில் தனியாக, கூரையைத் திறந்து விட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் பகல் முழுவதும் ஓட்டவேண்டும். பேச்சுத் துணைக்கு இன்ஜின் போதும். அந்த ஒரு பகலுக்காக நான் ஒரு மாதம் இடுப்பு ஒடிய நின்றிருக்கிறேன். சனிக்கிழமையே அதைச் சொல்லியும் விட்டேன்.

"நாளைக்கு அம்மாவைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணுமே" என்றாள் மனைவி.

"பஸ்ல போய்ட்டு வாங்களேன். வண்டி உனக்கு எட்டலையே, என்ன பண்றது?"

"ஆமாங்க. என்ன பண்றது" என்றாள். எவ்வளவு நல்லவள் என்று எனக்கே ஒரு கணம் நெஞ்சு இளகியது.

காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டு, பூச்சிகளுக்காக வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் கேட்டது. ஓடினேன். ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

டிரைவர் சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நன்றாக உயரத்தில், தெருவைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் ஒரு மெத்தை, சீட்டுக் குழிக்குள் அச்சாகப் பொருந்தியிருந்தது. நீலத் தோல் துணி. இரட்டைத் தையல். உள்ளே இருந்தது என் காரின் பழைய பஞ்சு. பக்கத்து சீட்டில் மாமியார் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். எவர் காலும் மடங்காத அந்த இடத்தில் அவர் கால்கள் சொகுசாக ஆடிக்கொண்டிருந்தன.

"இறங்கு! கால் எட்டாது, ஆபத்து!"

"எட்டுதேங்க" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். பிரேக்கிலும் கிளட்சிலும் என் மரக்கட்டைகள் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தன.

"இதை யார் பண்ணினது?"

"நம்ம மெக்கானிக்தான். கேட்டேன், ஆகட்டும் அக்கான்னுட்டான். திருகாணியைக் கழட்டினா உங்களுக்கு, மாட்டினா எனக்கு. ஒரு வாரமா நீங்க வேலைக்குப் போனப்புறம் ஓட்டிப் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன். வண்டி சும்மாதானே கிடந்துது."

"அந்தத் தலை மேடும் நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார் மாமியார். "மழை வந்தா என் குடையை உள்ளயே விரிச்சுக்கலாம்."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி, நானும் வர்றேன்."

"எங்க உக்காருவீங்க?" என்றாள் மனைவி.

சுற்றிப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் அவள். பக்கத்து சீட்டை நானே முன்னால் இழுத்திருந்தேன். அதற்குப் பின்னால் நானே வைத்த பேட்டரி. என் உயரத்துக்கென்றே செய்த காரில் எனக்கு இடமில்லை.

"அப்ப நாங்க கிளம்பறோம். கொஞ்சம் அந்த ஷட்டரைத் தூக்குங்க."

"கொம்பை வெச்சுத் தூக்கிக்கோ" என்றேன், கோபமாக.

"அது பத்தாதுங்க. மூணு பெடல் இருக்குல்ல? உங்க கட்டை ரெண்டுதான் இருந்துது. ஒரு வாரமா ஆக்சிலரேட்டரைக் கால் நுனியால மிதிச்சுக்கிட்டே ஓட்டினேன். இன்னிக்குத் தூரமாப் போறோமேன்னு, மூணாவதுக்குக் காலையில அந்தக் கொம்பைப் பாதியா அறுத்துக்கிட்டேன்."

அப்போதுதான் ஷட்டர் ஏன் பாதியில் நின்றது என்று புரிந்தது. நான் தூக்கமாட்டேன் என்று மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் நின்றதில்லை. அவள் கியரைப் போட்டாள். கார் மெல்ல நகர்ந்தது. முன்கண்ணாடி நேராக ஷட்டரின் தகர விளிம்பை நோக்கிப் போனது. அந்தக் கண்ணாடி இனி உலகத்தில் எங்கும் கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும்.

பாய்ந்து போய் ஷட்டரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கொம்பு உருண்டு போயிற்று. கையை விட்டால் என் காரின் மேலேயே விழும். விரல் நுனியில் நின்றுகொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு, புதுச் சட்டை அக்குளில் கிழிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கார் என் கைகளுக்கு அடியில் ஒரு கீறலும் படாமல் நிதானமாக வெளியே போயிற்று. மனைவி கியரை மாற்றிய அழகைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அது அவ்வளவு சுலபமாக விழாது.

தெருவில் திரும்பும்போது மாமியார் தலையை நீட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னது இங்கேவரை கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல, உயரமான மாப்பிள்ளையாப் பாத்தா சௌகரியம்னு?"